ரொசாலியாவின் மலையில் ஒழுகிய வேப்

விமானம் மேலேறி, இருக்கைப் பட்டி விளக்கு அணைந்த சிறிது நேரத்தில் என் நெஞ்சிலிருந்து மாம்பழம் மணக்கத் தொடங்கியது.

பக்கத்து இருக்கைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். பலேர்மோவில் குளியலறை ஓடுகள் விற்பவர். மூக்கை இரண்டு தரம் சுருக்கினார், முன்னால் இருந்தவரின் தலையை ஐயத்தோடு பார்த்தார், பிறகு என் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டி, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயா, உங்கள் இதயம் ஒழுகுகிறது. ஆனால் நல்ல வாசனை."

பையில் இருந்தது என் வேப், அதாவது மின்சிகரெட்; உள்ளே மாம்பழ வாசனைத் திரவம். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அதுதான் எனக்குத் துணை. உள்ளே பேட்டரி இருப்பதால் அதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது; உடம்போடு கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகும்போது அதன் சிறிய தொட்டியைக் காலி செய்ய வேண்டும், அல்லது முட்ட நிரப்ப வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. பாதி திரவம், பாதி காற்று. இதைவிட மோசமான நிலை இல்லை. தரையில் அடைபட்ட அந்தக் காற்று, விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையக் குறைய விரிகிறது. விரிந்ததும் வெளியே போக வழி தேடுகிறது. வழியில் நிற்கும் திரவத்தையும் தள்ளிக்கொண்டு வருகிறது. அறிவியல் இவ்வளவுதான். மிச்சம் என் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

ஓடு விற்பவர் தன் கைக்குட்டையைத் தந்தார். தன் மைத்துனனுக்கும் ஒரு முறை இப்படி நடந்ததென்றும், அவனுடையது வனிலா என்பதால் பின்னிருக்கைக் குழந்தை இறங்கும்வரை கேக் கேட்டு அழுததென்றும் சொன்னார். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் முழுவதும் கைதட்டியது. நான் வசிக்கும் லண்டனில் விமானம் இறங்கினால் எல்லோரும் தொலைபேசியைத்தான் பார்ப்பார்கள். இங்கே விமானி பாடி முடித்த பாகவதர்போல வரவேற்கப்படுகிறார். நானும் தட்டினேன். ஒரு கை பிசுபிசுத்தது.

என் கைப்பையில் இன்னொரு வேப் இருந்தது. புதியது, பெட்டி பிரிக்காதது, எனவே உலர்ந்தது. அது சிவத்துக்கு.

சிவம் யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் அவன் இத்தாலிக்கு வந்துவிட்டான். இப்போது பலேர்மோவில் வயதான வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் சமையலும் பராமரிப்பும். மனைவி மலரும் வீட்டு வேலைகளுக்குப் போகிறாள். மகள் வடக்கே பொலோன்யா நகரில் படிக்கிறாள். போன வருடம் மலருக்கு வயிற்றில் ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கையில் எரிந்துகொண்டிருந்த சிகரெட்டைக் காலால் மிதித்து, இவள் எழும்பி வந்தால் இனிப் புகைப்பதில்லை, வெறுங்காலுடன் உன் மலைக்கு ஏறி வருவேன் என்று பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்துகொண்டான். மலர் எழும்பி வந்தாள். நேர்த்தியை நிறைவேற்றும் நாளுக்கு என்னையும் அழைத்தான். அழைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வரேக்கை உன்ரை அந்த மெசின்லை ஒண்டு வாங்கிக்கொண்டு வா மச்சான்" என்றான்.

பலேர்மோவில் கிடைக்காதா என்று கேட்டேன்.

"கிடைக்கும். ஆனா எங்கடை பேட்டை போர்கோ வெக்கியோவிலை ஒரு சாமான் வாங்கினா, நான் வீட்டை போக முந்தி செய்தி வீட்டை போயிடும்."

விமான நிலையத்துக்குச் சிவம் வந்திருந்தான். நகரப் பேருந்தில் ஏறினோம். இரண்டாவது நிறுத்தத்தில் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிக் காப்பிக்கடைக்குள் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு கிழவர் சன்னலால் தலையை நீட்டி, "எனக்கும் ஒன்று, சர்க்கரை இல்லாமல்" என்று கத்தினார். ஓட்டுநர் திரும்பி வந்தபோது ஒரு கையில் அந்தச் சின்னக் கோப்பையும் இருந்தது.

"இஞ்சை பஸ் ஓடுறதில்லையடா, சீவியம் நடத்துது" என்றான் சிவம். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். "கொண்டு வந்தனியே?"

கொடுத்தேன். தங்கக்கட்டி வாங்குகிறவன்போல அதைச் சட்டைக்குள் செருகினான்.

அவன் வீடு போர்கோ வெக்கியோவில் நான்காம் மாடி. கதவைத் திறந்த மலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள், உடனே மூச்சை இழுத்தாள், கண்கள் விரிந்தன.

"அண்ணை! மாம்பழம் கொண்டு வந்தனீங்களே? கறுத்தக்கொழும்பானோ?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. சட்டைப் பையின் கறையைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் அனுதாபத்தோடு கேட்டாள். சட்டையைக் கழற்றித் தாருங்கள், ஊறப்போடுகிறேன் என்றாள். பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"அது சரி. அண்ணைக்கு ஒழுகினது அண்ணையிலை மணக்குது. உங்கடை நெஞ்சுக்கு நேரை என்ன பெட்டி மாதிரித் தள்ளிக்கொண்டு நிக்குது?"

அரை மணி நேரம் அந்தச் சமையலறையில் நடந்ததை நான் சுருக்கித் தருகிறேன். சிவத்தின் வாதம்: இது சிகரெட் இல்லை, இதில் நெருப்பில்லை, சாம்பலில்லை, வருவது புகையுமில்லை, புட்டுப்பானையிலிருந்து வருவதைப்போல ஆவி. மலரின் வாதம் சிறியது.

"நீங்கள் நேந்தது என்ரை உயிரை வச்செல்லோ? சிகரெட்டை மிதிச்சனீங்கள், ரொசாலியா அம்மா என்னைத் தந்தா. இப்ப வேறை ஒண்டை வாயிலை வச்சா, அவ கணக்குப் பாக்கமாட்டாவே? உங்கடை ஆவிக்கு என்ரை ஆவியோ ஈடு?"

சிவம் அவளைப் பரிகசிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அந்த வீட்டில் இருவருமே சைவர்கள். சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் ரோசாப்பூ முடி சூடிய ரொசாலியா இருக்கிறாள். இந்த நகரத்துக்குக் காவலாக இருப்பவளிடம் கேட்பதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவள் தந்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருந்தது.

கடைசியில் மலரே முடிவு சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போறம்தானே? இதையும் கொண்டுபோவம். அவவிட்டைக் காட்டுவம். சம்மதம் எண்டா நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

"எப்பிடிச் சொல்லுவா?" என்று கேட்டேன்.

"சொல்லுவா அண்ணை. நீங்கள் சாப்பிடுங்கோ."

சாப்பாடு புட்டும், காலையில் சந்தையில் வாங்கிய மத்தி மீன் குழம்பும். சிசிலிக்காரர்கள் அதே மத்தியைத் திராட்சை வற்றலோடு சமைக்கிறார்கள். மலர் ஒரு முறை அப்படிச் சமைத்தாளாம், சிவம் திராட்சையை எல்லாம் பொறுக்கி வெளியே வைத்துவிட்டு, "இது ஆரின்ரை பாயாசத்துக்கை இருந்து வந்தது?" என்று கேட்டானாம்.

மறுநாள் காலை சிவம் என்னைக் கீழே சந்தைக்குக் கூட்டிப்போனான். பனெல்லே என்றொரு பண்டம். கடலைமாவைக் களியாகக் கிண்டி, ஆறவிட்டு, தகடாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, எள் தூவிய பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். கொழும்பு ரயிலில் கடலை வடையைப் பாணுக்குள் வைத்துத் தின்றவர்களுக்கு இது அந்நியமில்லை; எலுமிச்சைதான் புதிது. அடுத்த வண்டியில் மண்ணீரல் பாண். சிவம் அதையும் ஒன்று வாங்கி இரண்டு கடியில் முடித்தான். "இது மாடு. மலருக்குச் சொல்லிப்போடாதை." அவன் மறைத்துவைக்கும் விஷயங்களின் எண்ணிக்கை எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

ஞாயிறு காலையில், ஊர்த் தமிழர்கள் வாராவாரம் ஏறும் ரொசாலியாவின் பெல்லெக்ரினோ மலையின் அடிவாரம் யாழ்ப்பாணத்துத் திருவிழா வீதிபோல இருந்தது. பழைய கல்பாதையில் சேலைகள், தள்ளுவண்டிக் குழந்தைகள், வெறுங்கால்கள். திருநீறு பூசிய நெற்றிகளும் செபமாலைக் கைகளும் கலந்து ஏறின. இடையில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த சிசிலி இளைஞர்கள், "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்று புகுந்து போனார்கள்.

சிவம் வெறுங்காலோடு ஏறினான். நான் விலையுயர்ந்த சப்பாத்தோடு அவனுக்குப் பின்னால் மூச்சுவாங்கினேன். மலர் எங்கள் இருவருக்கும் முன்னால். அறுவைச் சிகிச்சை யாருக்கு நடந்தது என்று பார்க்கிறவர்கள் தவறாக நினைத்திருப்பார்கள். வேப் அவளுடைய கைப்பையில், வெள்ளைக் கைலேஞ்சியில் சுற்றப்பட்டு இருந்தது. முதல் நாள் மாலை சிவம் ஆசை தாங்காமல் அதில் என் மாம்பழத் திரவத்தை ஊற்றியிருந்தான், ஆனால் இழுக்கவில்லை. வீணாக்கக்கூடாதென்று பாதி மட்டும் ஊற்றியிருந்தான்.

பாதி. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

ரொசாலியாவின் கோயில் ஒரு குகை. முகப்பு மட்டும் கட்டடம், உள்ளே பாறை. பொன்னுடையில், கண்ணாடிக்குள், தூங்கப்போகும் குழந்தைபோல அவள் சாய்ந்திருக்கிறாள். குகைக்கூரையிலிருந்து ஓயாமல் நீர் சொட்டுகிறது. அதைப் பிடிக்கத் தலைக்குமேல் குறுக்கும் மறுக்குமாக உலோகப் பீலிகள். சுவர்களில் வெள்ளித் தகட்டில் கால்கள், கைகள், கண்கள், இதயங்கள்: நேர்ந்து குணமானவர்கள் வைத்தவை. ஒரு மூலையில் கண்ணாடி வளையல்களும் ஒரு பட்டுச் சேலையும் கண்டேன்.

மலர் கண்மூடிக் கும்பிட்டாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். மாம்பழ வாசனை குகையை நிரப்பியது.

கைலேஞ்சியில் ஒரு மஞ்சள் ஈரம். குழந்தையின் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் மலருக்கு அது போதும்.

"பாத்தீங்களே! அம்மா துப்பிப்போட்டா!"

சுற்றி நின்ற தமிழர்கள் திரும்பினார்கள். மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். நல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

சிவத்தின் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. மேலே பீலிகளைக் காட்டினான். "இஞ்சேரும், அம்மான்ரை கூரையே ஒழுகுது. என்ரை மெசின் ஒழுகினா என்ன புதினம்?"

"வாயைக் கழுவுங்கோ!"

நான் குறுக்கிட்டேன். திருத்த வேண்டிய செய்தியைக் கண்டால் கை சும்மா இருக்காது. "மலர், இது காத்தின்ரை வேலை. மேலை வர வர வெளியிலை அமுக்கம் குறையும். உள்ளுக்கை இருக்கிற காத்து வீங்கி, தண்ணியைத் தள்ளும். வெயில் சூடும் சேர்ந்திட்டுது. எனக்குப் பிளேனிலை நடந்ததும் இதுதான்."

"ஓம் அண்ணை. பிளேன் எங்கை வந்துகொண்டிருந்தது?"

"பலேர்மோவுக்கு."

"ஆரின்ரை ஊர் பலேர்மோ?"

நான் கண்ணாடிக்குள் சாய்ந்திருப்பவளைப் பார்த்தேன்.

"காத்து எண்டே வச்சுக்கொள்ளுவம்," என்றாள் மலர். "பாதி வழியிலை திறந்து பாத்தனான், ஒழுகேல்லை. வாசலுக்கு வந்தாப் பிறகுதான் ஒழுகினது. மேலை காத்தைக் குறைச்சு வச்சிருக்கிறது ஆர்?"

பத்திரிகையில் இருந்த காலத்தில் அமைச்சர்களின் அறிக்கைகளில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். இதில் ஓட்டை இல்லை. ஆனால் மலர் நியாயமான பெண். இறங்கும்போது அவளே சொன்னாள்: "ஒருக்கா நடந்தா தற்செயல் எண்டும் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் எனக்கு வேலை இல்லை. இன்னொருக்கா வருவம். அதோடை சரி."

திங்கட்கிழமை சிவம் தன் வழக்கறிஞரின் சமையலறையில் எனக்குத் தேநீர் தந்தான். கிழவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். "மச்சான், உண்மையாக் காத்துத்தானோ?"

"காத்துத்தான்."

"அப்ப காத்து இல்லாட்டி?"

தொட்டியை முட்ட நிரப்பினால் விரிவதற்கு உள்ளே காற்று இருக்காது என்று சொன்னேன். நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் படாமல் வைக்க வேண்டும். சொல்லும்போதே செய்தும் காட்டினேன். தொட்டியைச் சரித்து, துளித்துளியாக ஊற்றி, கடைசிக் குமிழி வெளியேறும்வரை. சிவம் மூச்சுவிடாமல் பார்த்தான்.

உடனே அவன் அதைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறினான். எட்டாம் மாடி. இறங்கினான். ஏறினான். மூன்றாம் தரம் கதவு திறந்தபோது வழக்கறிஞர் வாசலில், இரவு அங்கியோடு நின்றார். "சிவா, என்ன செய்கிறாய்?" அவன் வேப்பைக் காட்டினான். கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி ஆராய்ந்தார். "வெப்பமானியா? எனக்குக் காய்ச்சல் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எட்டு மாடி எந்த மூலைக்கு? மலைக்கோயில் இருக்கும் உயரம் நானூறு மீட்டருக்கு மேல். பலேர்மோவுக்குப் பின்னால் மொன்றியாலே என்ற ஊர் மேட்டில் இருக்கிறது. பெல்லெக்ரினோ அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒத்திகைக்குப் போதும். அவன் வேலை முடிந்ததும் பேருந்தில் கிளம்பினோம். வளைவுகளில் ஏறும்போது எங்களுக்கு முன்னால் கத்தரிக்காய் ஏற்றிய மூன்றுசக்கர வண்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலியெழுப்பினார். வண்டிக்காரன் திரும்பி, "கத்தரிக்காய்க்கு அவசரம் இல்லை!" என்றான். ஒரு வளைவில் இரண்டு கூடைகள் கவிழ்ந்தன. எல்லோரும் இறங்கிப் பொறுக்கினோம். சிவம் ஒரு கையால் பொறுக்கினான். மறு கை வேப்பை மெழுகுதிரிபோல நிமிர்த்திப் பிடித்திருந்தது.

மொன்றியாலே பேராலயத்தின் உட்சுவர்கள் முழுவதும் பொன். உலகம் முழுவதிலிருந்தும் அதைப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் வெளியே சதுக்கத்தில் நின்று ஒரு காகிதக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவம் அதை வாய்க்குழாயில் ஒற்றினான். காற்றுத் துளையில் ஒற்றினான். வெளிச்சத்தில் பிடித்தான்.

"காய்ஞ்சு கிடக்கு மச்சான்."

"தா பாப்பம்."

காய்ந்துதான் கிடந்தது. ஐம்பது கடந்த இரண்டு ஆண்கள் அந்தச் சதுக்கத்தில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஜப்பானியச் சுற்றுலாப் பெண் ஒருத்தி எங்களைப் படம் எடுத்தாள். மதம் சார்ந்த பரவசம் என்று நினைத்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பேருந்தில் மலையேறினோம். அதே கைலேஞ்சி, துவைத்துத் தேய்த்தது. வேப்பை அதில் சுற்றி மலரிடம் கொடுத்தபோது சிவம், "நிமித்திப் பிடியும், விழுந்திடும்" என்று மட்டும் சொன்னான். நான் சன்னலுக்கு வெளியே கள்ளிச்செடிகளை உன்னிப்பாகப் பார்த்தேன்.

குகையில் அன்று கூட்டமில்லை. பீலிகளில் நீர் ஓடும் சத்தம் மட்டும். மலர் கும்பிட்டாள். பிரித்தாள். கைலேஞ்சியைக் கண்ணருகே கொண்டுபோனாள், மூக்கில் வைத்தாள், திருப்பிப் பார்த்தாள். வெள்ளை.

கண்ணாடிக்குள் இருப்பவளை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். "அம்மா விட்டிட்டா. நான் சொன்ன சொல்லு சொல்லுத்தான். இனி ஒண்டும் கதைக்கமாட்டன். இழுங்கோ."

வேப்பைக் கணவனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள். பிறகு அவள் கை தன் வயிற்றின் இடப்பக்கம் போய் அங்கேயே நின்றது. தழும்பு இருக்கும் இடம். அவளுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. சிவத்துக்கும் தெரிந்தது.

வெளியே படிகளில் வெயில். மலர் உட்கார்ந்துகொண்டாள். சிவம் சற்றுத் தள்ளி நின்று வேப்பை வாய்வரை கொண்டுபோனான். இழுக்கவில்லை. இறக்கினான். மறுபடி கொண்டுபோனான். இறக்கினான். மூன்றாம் முறை திரும்பி மனைவியிடம் வந்தான்.

"இஞ்சேரும். நான் முட்ட நிரப்பினனான்."

"என்னத்தை?"

"இதுக்குள்ளை காத்து நிக்க இடமில்லாமல். அப்பிடிச் செய்தா ஒழுகாது. இவன்தான் சொல்லித் தந்தவன்." என்னைக் காட்டினான். "மொன்றியாலேக்குக் கொண்டுபோய் ஒத்திகையும் பாத்தனாங்கள்."

மலர் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் லண்டனுக்கு அடுத்த விமானம் எப்போது என்று யோசித்தேன்.

"மொன்றியாலேக்கு," என்றாள் அவள்.

"ஓம்."

"ரெண்டு கிழடுகள். உதைத் தூக்கிக்கொண்டு. பஸ்ஸிலை."

"லிஃப்டிலையும்," என்றேன். செய்தி முழுமையாக இருக்க வேண்டும்.

முதலில் அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. "லிஃப்டிலை… ஐயோ… சிரிக்கப் பண்ணாதையுங்கோ, தைச்ச இடம் இழுக்குது…" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிவமும் சிரித்தான். கத்தரிக்காய்க் கதையை நான் எடுத்துவிட, அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையால் போதும் போதும் என்று காட்டினாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் சொன்னாள்: "அப்ப அம்மா ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லேல்லை," என்றான் சிவம். "ஞாயிறும் சொல்லேல்லை, இண்டைக்கும் சொல்லேல்லை."

"அப்ப இனி ஆரிட்டைக் கேக்கிறது?"

சிவம் வேப்போடு கோயிலை நோக்கி நடந்தான். வெள்ளிக் கால்களுக்கும் கைகளுக்கும் பக்கத்தில் வேப்பை வைத்துவிட்டு வரப்போகிறான் என்று புரிந்தது. வாசலுக்கு முன்னால் மெழுகுதிரி விற்கிற நீனோ என்ற கடைக்காரர் அவன் கையிலிருப்பதைக் கண்டு பாய்ந்து வந்து மறித்தார். அவர் சொன்னதைச் சிவம் எனக்கு மொழிபெயர்த்தான்.

"பேட்டரியா? உள்ளே எத்தனை மெழுகுதிரி எரிகிறது தெரியுமா? புனிதையை வானத்துக்கு அனுப்பப் பார்க்கிறாயா? அவள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறாள்!"

சொல்லி முடித்ததும் அவர் பார்வை வேப்பிலேயே நின்றது. கோபம் இறங்கியது. தன் கால்சட்டைப் பையிலிருந்து, நாலைந்து காகிதக் கைக்குட்டைகளில் சுற்றிய தன்னுடையதை எடுத்தார். காகிதங்கள் நனைந்து ஒட்டியிருந்தன. தினமும் காலையில் நகரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஏறி வருகிறாராம். தினமும் ஒழுகுகிறதாம். மூன்று கடையில் மாற்றிப் பார்த்தாராம். இந்த மலைக்கு என்னதான் வேண்டும் என்று எங்களிடம் கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பாதித் தொட்டியோடு ஏறாதீர்கள் என்றேன். கீழே ஒன்று, மேலே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது மேலேயே இருந்தால் ஒழுகாது என்றேன். சிவம் மொழிபெயர்த்தான். மொழிபெயர்த்துக்கொண்டே தன்னுடையதை நீனோவின் கையில் வைத்தான்.

"மேலை வைக்கிறதுக்கு," என்று தமிழிலேயே சொன்னான். நீனோவுக்கு அது புரிந்தது.

அவர் மறுத்தார், வாங்கிக்கொண்டார், சிவத்தின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார், கடையிலிருந்து ஆள் உயர மெழுகுதிரி ஒன்றைத் தூக்கி மலரின் மடியில் வைத்தார். பிறகு படியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு நீண்ட இழுவை இழுத்தார். மாம்பழ மேகம் ஒன்று கோயில் முகப்பின் குறுக்காக நிதானமாக எங்கள் பக்கம் மிதந்து வந்தது.

மலர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இஞ்சேருங்கோ, அவர் அம்மான்ரை வாசல்லையே இருந்து ஊதுறார். அவருக்கு ஒண்டும் செய்யமாட்டாவே?"

"அவர் நேரேல்லை மலர்," என்றான் சிவம். "நான்தான் நேந்தனான்."

சொல்லிவிட்டு, அந்த மேகம் எங்களைக் கடந்து கலைந்து போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.